வெளிநாட்டுக் கடையில் கொடுத்த வரியைத் திரும்பப் பெறுதல்: வன்னியிலிருந்து பயணம் செல்வோருக்கு ஓர் எளிய விளக்கம்

புதுக்குடியிருப்பில் வசிக்கும் என் சின்னம்மா, பாரிஸில் உள்ள மகளின் வீட்டில் இரண்டு மாதங்கள் தங்கிவிட்டு ஊர் திரும்பியபோது, கைப்பைக்குள் ஒரு வெள்ளை உறையைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். அதற்குள் மூன்று கடைகளின் பற்றுச்சீட்டுகளும் அவற்றோடு சேர்த்துப் பிணைக்கப்பட்ட மூன்று படிவங்களும் இருந்தன. "இதைக் குடுத்தால் காசு வருமெண்டு கடையில நிண்ட பிள்ளை சொன்னது. கிளிநொச்சியில எந்த வங்கிக்குத் தம்பி போகவேணும்?" என்று கேட்டார். மூன்று படிவங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 90 யூரோ அவருக்கு வரவேண்டியிருந்தது. ஆனால் எந்தப் படிவத்தையும் அவர் பிரான்சை விட்டுப் புறப்படும்போது சுங்கத்திடம் காட்டி உறுதிப்படுத்தியிருக்கவில்லை. அந்த உறுதிப்படுத்தல் இல்லாத படிவத்துக்குக் கிளிநொச்சியில் மட்டுமல்ல, உலகின் எந்த வங்கியிலும் பணம் கிடைக்காது. வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ வெளிநாடு செல்லும் நம்மவர்கள் பலர் இப்படி வெறும் தாளோடு வந்து சேர்வதைக் கண்டதால், இந்த ஏற்பாடு எதற்காக இருக்கிறது, எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதை முதலிலிருந்து விளக்க விரும்புகிறேன்.

நம் நாட்டில் பெறுமதி சேர் வரி என்றும் பேச்சில் "வற்" என்றும் சொல்லப்படும் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதமாக உள்ளது. வவுனியாவில் ஒரு பெரிய அங்காடியில் வரிக்குரிய பொருளொன்றை 1,180 ரூபாவுக்கு வாங்கினால், அதில் 1,000 ரூபா பொருளின் விலை, 180 ரூபா அரசுக்குப் போகும் வரி. இந்த வகை வரியை 1954இல் முதன்முதலில் நாடளாவிய முறையாக நடைமுறைப்படுத்திய நாடு பிரான்ஸ். இன்று ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் இது பெறுமதி சேர் வரியாகவும், சிங்கப்பூர், அவுஸ்திரேலியா, இந்தியா போன்ற நாடுகளில் பொருட்கள் சேவைகள் வரி அல்லது ஜி.எஸ்.ரி. என்ற பெயரிலும் அறவிடப்படுகிறது. பெயர் எதுவாயினும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு பொருள் எந்த நாட்டில் பயன்படுத்தப்படுகிறதோ அந்த நாடே அதற்கு வரி வாங்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள நாம் தூரம் போக வேண்டியதில்லை. கிளிநொச்சியில் உள்ள ஆடைத் தொழிற்சாலையில் நம் பெண்பிள்ளைகள் தைக்கும் உடுப்பு இலண்டனுக்கு ஏற்றுமதியாகும்போது, இலங்கை அதற்குப் பூச்சிய வீதத்திலேயே வற் விதிக்கிறது. அந்த உடுப்பை இலண்டனில் ஒருவர் வாங்கும்போது பிரித்தானியா தன் வரியை எடுத்துக்கொள்கிறது. இரண்டு நாடுகளும் ஒரே உடுப்புக்கு வரி வாங்கினால் ஏற்றுமதி வணிகமே நடக்காது என்பதால் உலக நாடுகள் பெரும்பாலும் இந்த ஒழுங்கையே பின்பற்றுகின்றன.

இப்போது அதே கணக்கைச் சின்னம்மாவின் பிரயாணப் பெட்டிக்குப் பொருத்திப் பாருங்கள். அவர் பாரிஸில் வாங்கிய மேலங்கி பிரான்சில் பயன்படுத்தப்படப் போவதில்லை. அவரோடு சேர்ந்து அது நாட்டை விட்டு வெளியேறுகிறது. ஆகவே அதுவும் ஒரு சிறு ஏற்றுமதியே. ஆனால் கொள்கலனில் ஏற்றிவிடும் நிறுவனத்துக்கு முன்கூட்டியே வரி நீக்கம் கிடைக்கிறது. கடைக்கு நேரில் வரும் பயணியோ, பொருளை உண்மையில் வெளியே கொண்டுபோவாரா என்பது கடையில் வைத்து எவருக்கும் தெரியாததால், முதலில் வரியைச் செலுத்திவிட்டு, வெளியேறும் வாசலில் பொருளைக் காட்டிப் பின்னர் அதைத் திரும்பப் பெறவேண்டியிருக்கிறது. இந்தப் பணம் கடைக்காரர் தரும் கழிவோ அன்பளிப்போ அன்று. அந்த நாட்டுக்குச் சேரவேண்டியிராத வரி. நாட்டை விட்டு வெளியேறும் பயணியும், அவர் வாங்கிய பொருளும், வாங்கியதற்கான பத்திரமும் ஒரே நேரத்தில் சுங்கத்தின் முன்னால் இருக்கவேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. பின்னர் வரும் எல்லா விதிகளும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

எடுத்துக்காட்டாக, விடுதியில் தங்கிய செலவுக்கும், உணவகத்தில் சாப்பிட்டதற்கும், வாடகைக் காருக்கும், சிகை அலங்காரத்துக்கும் வரி திரும்பக் கிடைக்காது. அவை அந்த நாட்டிலேயே நுகரப்பட்டுவிட்டன. வாங்கிய சப்பாத்தை இரண்டு வாரம் போட்டு நடந்துவிட்டுப் பழையதாகக் கொண்டுபோனாலும் சுங்க அதிகாரி மறுக்கலாம். விமான நிலையத்துக்குள் உள்ள தீர்வையற்ற கடைகள் வேறு வகை. அங்கே வரி சேர்க்கப்படாத விலையே வாங்கப்படுவதால் திரும்பப் பெற எதுவும் இல்லை. விற்பனைக்காக மொத்தமாக வாங்கும் சேலைகளுக்கும் உடுப்புகளுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தாது. இது பயணியின் சொந்தப் பாவனைக்கும் அன்பளிப்புகளுக்கும் உரியது. வெளிநாட்டு உறவினர்கள் கப்பல் பெட்டியில் போட்டு வீட்டு வாசல் வரை அனுப்பும் பொருட்களும் பயணியோடு கூடவே வராததால் இதற்குள் அடங்கா. பெட்டியில் போட்டுவிட்டுப் படிவத்தை மட்டும் விமான நிலையத்தில் நீட்டியவர்களை நான் அறிவேன்.

எந்த நாடுகளில் இது இல்லை?

வன்னியிலிருந்து அதிகம் பேர் பயணம் செய்யும் நாடுகளில் பலவற்றில் இந்த வசதி இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இல்லாத ஒன்றைத் தேடி விமான நிலையத்தில் அலைந்து விமானத்தைத் தவறவிடுவதைவிட அறிந்திருப்பது மேல்.

கலியாணச் சேலையும் நகையும் எடுக்க யாழ்ப்பாண விமான நிலையத்திலிருந்தோ கட்டுநாயக்காவிலிருந்தோ சென்னைக்குப் போய்வரும் குடும்பங்கள் ஏராளம். இந்தியாவில் 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.ரி. நடைமுறையில் உள்ளது; தங்க நகைக்கு அது 3 சதவீதம். சுற்றுலாப் பயணி வெளியேறும்போது வரியைத் திருப்பிக் கொடுப்பதற்கு அந்த ஆண்டு இயற்றப்பட்ட ஒருங்கிணைந்த ஜி.எஸ்.ரி. சட்டத்தின் 15ஆம் பிரிவில் இடம் வைக்கப்பட்டிருந்தாலும், அந்தப் பிரிவு நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. ஆகவே தி.நகரில் எவ்வளவு பெரிய தொகைக்கு வாங்கினாலும், சென்னை விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறும் கருமபீடம் ஒன்றும் இல்லை. "பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள், விமான நிலையத்தில் வரியைத் தருவார்கள்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிரித்தானியாவில் வரி 20 சதவீதம். முன்னர் அங்கே இந்த வசதி நன்றாகவே இயங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் மாறுதல் காலம் முடிந்தபோது, 2020 டிசம்பர் 31 உடன் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் அது நிறுத்தப்பட்டது. வட அயர்லாந்தில் மட்டும் தொடர்கிறது. பழைய அனுபவத்தை வைத்து இலண்டன் உறவினர்கள் இன்னும் "ஹீத்ரோவில் எடுக்கலாம்" என்று சொல்வதுண்டு; இப்போது முடியாது. கடையே நேரடியாக வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பிவைத்தால் வரியின்றி விற்கலாம் என்ற வழி மட்டும் எஞ்சியுள்ளது. ஆறுதலான ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும்: சிறுவர்களுக்கான உடுப்புக்கும் சப்பாத்துக்கும் பிரித்தானியாவில் பூச்சிய வீதம் என்பதால், பேரப்பிள்ளைகளுக்கு வாங்கும் துணியில் திரும்பப் பெறவேண்டிய வரியே இல்லை.

கனடாவில் வருகையாளருக்கான மீளளிப்பு 2007 ஏப்ரலில் முடிவுக்கு வந்துவிட்டது. மலேசியாவில் 2015 முதல் 2018 வரை ஜி.எஸ்.ரி. இருந்த காலத்தில் மட்டுமே பயணிகள் வரியைத் திரும்பப் பெற்றார்கள். அந்த வரி நீக்கப்பட்டபோது அதுவும் போய்விட்டது. கட்டாரிலும் குவைத்திலும் பெறுமதி சேர் வரியே அறவிடப்படுவதில்லை.

எந்த நாடுகளில் இது உண்டு?

நமக்கு மிக அண்மையில் உள்ளதும் ஒழுங்காக இயங்குவதும் சிங்கப்பூரின் ஏற்பாடு என்பது என் கருத்து. அங்கே வரி 2024 ஜனவரி 1 முதல் 9 சதவீதம். இத்திட்டத்தில் சேர்ந்துள்ள கடையொன்றில் வரியுடன் சேர்த்து 100 சிங்கப்பூர் டொலருக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று பற்றுச்சீட்டுகள் வரை சேர்த்தும் அந்தத் தொகையை எட்டலாம். வாங்கும்போதே மூலக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். கடைக்காரர் அந்தக் கொள்வனவைக் கணினியில் உங்கள் கடவுச்சீட்டு இலக்கத்தோடு இணைத்துவிடுவார். பின்னர் சாங்கி விமான நிலையத்தில் உள்ள தானியங்கி இயந்திரத்தில் கடவுச்சீட்டை வைத்தால் நீங்கள் வாங்கிய அனைத்தும் திரையில் தோன்றும். கொள்வனவு செய்த நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் புறப்பட வேண்டும். 16 வயதுக்குக் குறைந்தவர் கோர முடியாது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் அங்கே வேலை அனுமதியில் இருப்போருக்கும் இந்த உரிமை இல்லை. தரைவழியாக மலேசியாவின் ஜொகூருக்குள் போய்விட்டால் அந்த எல்லையில் கோர முடியாது.

சிராங்கூன் வீதியில் நகை எடுக்கும் நம்மவர்களுக்கு இது சிறிய தொகை அன்று. வரியுடன் 2,180 சிங்கப்பூர் டொலர் விலையுள்ள ஒரு சங்கிலியில் 180 டொலர் வரியாகும். எப்படி என்றால், 9 சதவீதம் வரி சேர்ந்த விலையை 109ஆல் வகுத்து 9ஆல் பெருக்க வேண்டும். 2,180ஐ 109ஆல் வகுத்தால் 20, அதை 9ஆல் பெருக்கினால் 180. விலையில் நேரடியாக 9 சதவீதத்தைக் கணக்கிட்டு 196 டொலர் வருமென்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவது இந்தச் சிறு வேறுபாட்டால்தான். முதலீட்டுக்குரிய தூய தங்கக் கட்டிகளுக்கும் நாணயங்களுக்கும் அங்கே வரிவிலக்கு உள்ளதால் அவற்றில் திரும்பப் பெற எதுவும் இல்லை.

தாய்லாந்தில் வரி 7 சதவீதம். ஒரு கடையில் ஒரு நாளில் குறைந்தது 2,000 பாத்துக்கு வாங்க வேண்டும், 60 நாட்களுக்குள் சர்வதேச விமான நிலையம் வழியாக வெளியேற வேண்டும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2018 முதல் 5 சதவீத வரி உள்ளது. சுற்றுலாப் பயணிகள் 250 திர்ஹாமுக்குக் குறையாத கொள்வனவுக்குக் கோரலாம். ஆனால் டுபாயில் வதிவிட விசாவோடு வேலை செய்யும் நம் பிள்ளைகள் சுற்றுலாப் பயணிகளாகக் கருதப்படுவதில்லை.

அவுஸ்திரேலியாவின் ஏற்பாடு ஒரு விதத்தில் தனித்துவமானது: அங்கே வாழும் குடிமக்களும் பயணம் புறப்படும்போது கோரலாம். மெல்பேணில் இருந்து விடுமுறைக்கு முல்லைத்தீவு வரும் அண்ணன், அங்கே வாங்கி இங்கே கொடுத்துவிட்டுப் போகும் கைத்தொலைபேசிக்கும் மடிக்கணினிக்கும் 10 சதவீத ஜி.எஸ்.ரி.யைத் திரும்பப் பெறலாம். ஒரே வணிகப் பதிவிலக்கம் உள்ள நிறுவனத்திடம் மொத்தம் 300 அவுஸ்திரேலிய டொலருக்குக் குறையாமல், புறப்படுவதற்கு முந்திய 60 நாட்களுக்குள் வாங்கியிருக்க வேண்டும். மொத்த விலையைப் பதினொன்றால் வகுத்தால் வருவதே வரி. 330 டொலரில் 30 டொலர். விமானம் புறப்படும் நேரத்துக்கு 30 நிமிடங்களுக்கு முன்னரே கோரிக்கை முடிந்திருக்க வேண்டும். விவரங்களைக் கைத்தொலைபேசியில் முன்கூட்டியே நிரப்பி ஒரு குறியீட்டைப் பெற்றுக்கொண்டால் வரிசையில் நிற்கும் நேரம் குறையும்.

ஐரோப்பா: நம்மவர்கள் அதிகம் தவறவிடும் இடம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் குடியுரிமை முக்கியமில்லை. எங்கே வசிக்கிறீர்கள் என்பதே கேள்வி. புதுக்குடியிருப்பில் வசிக்கும் சின்னம்மா கோரலாம். பாரிஸில் வசிக்கும் அவருடைய மகள், இலங்கைக் கடவுச்சீட்டையே இன்னும் வைத்திருந்தாலும், கோர முடியாது. மகள் தனியாகக் கடைக்குப் போய்த் தாயின் பெயரில் படிவம் எழுதிவாங்குவதும் சரியன்று. கொண்டுபோகும் பயணியே கடவுச்சீட்டோடு கடையில் நிற்க வேண்டும். மாறாக, இலண்டனில் வசிக்கும் மருமகன் பாரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலுக்கு வந்து வாங்கினால் கோரலாம், ஏனென்றால் பிரித்தானியா இப்போது ஒன்றியத்துக்கு வெளியே உள்ளது. சுவிற்சர்லாந்தில் வசிப்பவரும் அவ்வாறே.

குறைந்தபட்சத் தொகையை ஒவ்வொரு நாடும் தானே வகுக்கிறது. பிரான்சில் ஒரு கடையில் 100 யூரோவுக்கு மேல், ஜேர்மனியில் 2020 முதல் 50 யூரோவுக்கு மேல், இத்தாலியில் 2024 பெப்ரவரி முதல் 70 யூரோவுக்கு மேல் வாங்க வேண்டும். ஸ்பெயினில் குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் இல்லை. வரி வீதம் பிரான்சில் 20, ஜேர்மனியில் 19, இத்தாலியில் 22 சதவீதம். வாங்கிய மாதம் முடிந்து, அதற்கு அடுத்து வரும் மூன்றாம் மாதத்தின் கடைசி நாளுக்குள் பொருள் ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும். இந்த ஏற்பாட்டில் சேர்வது கடைக்காரரின் விருப்பம் என்பதால், பணம் செலுத்துவதற்கு முன்னரே "தெதாக்ஸ்" (பயணிக்கான வரி நீக்கம்) செய்வீர்களா என்று பிரெஞ்சுக் கடையில் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறிய தமிழ்க் கடைகள் பலவற்றில் இது இராது. பெரிய அங்காடிகளில் பெரும்பாலும் இருக்கும்.

படிவத்தை உறுதிப்படுத்த வேண்டிய இடம், ஒன்றியத்தை விட்டு நீங்கள் கடைசியாக வெளியேறும் இடம். பாரிஸிலிருந்து டோகா அல்லது டுபாய் வழியாக நேரே கட்டுநாயக்கா வந்தால் அது பாரிஸ் விமான நிலையம். ஆனால் நம் குடும்பங்களின் பயணம் அவ்வளவு நேரானதாக இருப்பதில்லை. பாரிஸில் மகள் வீடு, சூரிச்சில் தம்பி வீடு, அங்கிருந்து விமானம் என்றுதான் பெரும்பாலும் அமையும். சுவிற்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆகவே பிரான்சில் வாங்கிய பொருள், புகையிரதமோ காரோ பிரெஞ்சு எல்லையைக் கடக்கும் அந்த இடத்திலேயே ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. எல்லையில் பிரெஞ்சுச் சுங்கத்திடம் காட்டாமல் போய், ஒரு வாரம் கழித்துச் சூரிச் விமான நிலையத்தில் அந்தப் படிவத்தை நீட்டினால் பயன் இல்லை. கடவுச்சீட்டுச் சோதனை அந்த எல்லையில் நடப்பதில்லை என்பதால், நாட்டெல்லை கடந்ததே பலருக்குத் தெரிவதில்லை. பணம் போவது அங்கேதான். சுவிற்சர்லாந்திலேயே வாங்கியவற்றுக்கு அந்நாட்டின் தனி விதி உண்டு: வரி 8.1 சதவீதம், குறைந்தது 300 பிராங், 90 நாட்கள். 300 பிராங் பொருளில் உள்ள வரி 22 பிராங் அளவே என்பதால், சிறு கொள்வனவுக்கு அலைவதா என்பதை அவரவர் தீர்மானிக்கலாம்.

விமான நிலையத்தில் ஒழுங்கு

சின்னம்மாவின் பணம் இங்கேதான் போயிற்று. பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால் அதற்குள் உள்ள பொருளைச் சுங்கத்துக்குக் காட்ட முடியாது. ஆகவே பெட்டிக்குள் வைக்கும் பொருளென்றால், முதலில் சுங்கத்தின் கருமபீடம் அல்லது இயந்திரம், அதன் பின்னரே பெட்டி ஒப்படைத்தல் என்ற வரிசையை மாற்றவே கூடாது. நகை, கைக்கடிகாரம், தொலைபேசி போன்றவற்றைக் கையிலேயே வைத்திருப்பது எப்போதும் நல்லது. சாங்கியில் கையில் கொண்டுபோகும் பொருட்களுக்குக் குடிவரவைத் தாண்டிய பின்னர் உள்ள இயந்திரத்திலேயே கோரலாம். பிரெஞ்சு விமான நிலையங்களில் "பப்லோ" என்ற இயந்திரம் உள்ளது. படிவத்தின் குறியீட்டை அதற்குக் காட்டினால் பச்சைத் திரை தோன்றும். அதுவே சுங்கத்தின் முத்திரை, தபாலில் எதையும் அனுப்பத் தேவையில்லை. பச்சை வராவிட்டால் பொருளோடும் படிவத்தோடும் பக்கத்தில் உள்ள சுங்க அதிகாரியிடம் போக வேண்டும். விடுமுறைக் காலங்களில் அந்த வரிசை நீளமானது. நான்கு மணித்தியாலம் முன்னதாகப் போவது மிகையன்று. மொழி தெரியாத முதியவர்களைத் தனியே அனுப்பும் பிள்ளைகள், வழியனுப்பும் நாளில் அந்த இயந்திரம் வரை கூடவே வந்து நின்றால் போதும். அது பயணிகள் மட்டும் செல்லும் பகுதிக்கு முன்னரே இருக்கிறது.

கையில் கிடைக்கும் தொகை வரி முழுவதும் அன்று என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். கடைக்கும் பயணிக்கும் இடையில் இந்த வேலையைச் செய்வதற்கென நிறுவனங்கள் உள்ளன. 1980இல் சுவீடனில் தொடங்கிய குளோபல் புளூ அவற்றில் மூத்தது. அவை தம் கட்டணத்தைக் கழித்துக்கொள்கின்றன. பிரான்சில் 240 யூரோ பொருளில் 40 யூரோ வரி உள்ளது. ஆனால் பல கடைகளில் பயணிக்கு வருவது விலையின் 12 சதவீதம் அளவே, அதாவது 29 யூரோவுக்குச் சற்றுக் குறைவு. காசாக எடுத்தால் மேலும் ஒரு கட்டணமும், வேறு நாணயத்தில் எடுத்தால் நாணயமாற்றில் இழப்பும் வரலாம். வங்கி அட்டைக்கு வரவு வைக்கச் சொல்வது சில வாரம் தாமதமாயினும் கூடுதல் தரும். நகருக்குள்ளேயே முன்கூட்டிக் காசு தரும் கருமபீடங்களும் உண்டு. அங்கே உங்கள் கடனட்டை பிணையாக வைக்கப்படுகிறது என்பதையும், குறித்த நாளுக்குள் சுங்க உறுதிப்படுத்தல் போய்ச் சேராவிட்டால் கொடுத்த பணத்தை அட்டையிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் அறிந்தே கையொப்பமிட வேண்டும்.

முத்திரை குத்திய தாள் படிவத்தை உறையில் இட்டு அனுப்ப வேண்டிய நாடுகளில், தபால் பெட்டிக்குள் போடுவதற்கு முன் படிவத்தின் இருபக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்; பணம் வராவிட்டால் விசாரிக்கப் படிவ இலக்கம் தேவைப்படும். கடையின் பற்றுச்சீட்டு படிவத்தோடு போய்விடும் இடங்களில் அதற்கும் ஒரு படம் வேண்டும். வெளிநாட்டு வரி திரும்பக் கிடைத்தது என்பதால் இங்கே தீர்வை இல்லை என்று ஆகிவிடாது. கட்டுநாயக்காவில் நம் சுங்க அதிகாரி அந்தச் சங்கிலியின் விலையைக் கேட்டால், உங்களிடம் காட்டுவதற்கு இருக்கும் ஒரே சான்று அந்தப் பற்றுச்சீட்டின் படம்தான்.